தனுஷ்கோடி முனை: மதுரையிலிருந்து போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

சிலைமான் பக்கம் ராமேஸ்வரம் சாலையை ஒட்டி என் வீடு. அதனால் அந்தச் சாலை முடியும் இடம் வரை எனக்கு எல்லாம் தெரியும் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். முழுப் பரீட்சை விடுமுறை தொடங்கினால் போன் அடிக்கும். தை அமாவாசை நெருங்கினாலும் அடிக்கும். கேள்விகளும் ஏறக்குறைய அதேதான். பதில்களை ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன்.

தனுஷ்கோடி என்பது மலை முனையா, பாறை முனையா?

இரண்டும் இல்லை, வெறும் மணல். கன்னியாகுமரியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இங்கே பாறையைத் தேடுகிறார்கள். பாம்பன் தீவு மேற்கே பாம்பன் ஊரில் தொடங்கித் தென்கிழக்காக ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீள்கிறது. வரைபடத்தில் பார்த்தால் சங்கு போல இருக்கும் என்பார்கள். சங்கின் அகன்ற பகுதியில் ராமேஸ்வரம் கோவிலும் ஊரும் இருக்கின்றன. அதன் வால்தான் தனுஷ்கோடி. போகப் போக ஒடுங்கி, கடைசியில் ஒரு சாலையும் இருபுறமும் கடலுமாக ஆகி, அரிச்சல்முனையில் அதுவும் தீர்ந்துவிடும்.

அடியில் பவளச் சுண்ணாம்புப் படிவம், மேலே கடல் கொண்டுவந்து கொட்டிய மணல். கொட்டிய கடலே எடுத்துக்கொண்டும் போகும். சென்ற வருடம் நீங்கள் நின்று படம் எடுத்த இடம் இந்த வருடம் தண்ணீருக்குள் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பெயரில் உள்ள கோடிக்கு என்ன பொருள்?

தெருக்கோடி என்கிறோமே, அந்தக் கோடிதான். கடைசி, முனை என்று பொருள். வேதாரண்யத்துக்குத் தெற்கே இருக்கும் கோடியக்கரையிலும் இதே சொல் இருக்கிறது. தனுஷ் என்றால் வில். இலங்கையை வென்ற பிறகு விபீஷணன் கேட்டுக்கொண்டதற்காக ராமர் தன் வில்லின் நுனியால் பாலத்தை உடைத்த இடம் என்பது தலபுராணக் கதை.

அரிச்சல்முனை என்ற பெயரைச் சொல்லும்போதே அரித்தல் என்ற வினை காதில் விழுகிறது. அந்த முனையைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

முடியும். ஆனால் விடியுமுன் கிளம்ப வேண்டும். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலை வழியாக ஏறக்குறைய 170 கிலோமீட்டர். அங்கிருந்து அரிச்சல்முனை இன்னும் 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை. அதற்குப் பிறகு வேகம் குறையும். காரில் மூன்று, மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணியிலிருந்து ராமேஸ்வரம் பஸ் ஏறலாம். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு அரசு பஸ் உண்டு, ஆட்டோவும் வேனும் உண்டு. ரயிலில் போனால் நேரம் கூடுதல்தான். ஆனால் கடலுக்கு நடுவே பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்வதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேறு வழி இல்லை.

மாலையில் முனைக்குப் போகும் சாலையை போலீசார் மூடிவிடுவார்கள். ‘சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு வரலாம்’ என்று மதுரையில் சாவகாசமாக இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் சோதனைச்சாவடியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

வழியில் பார்க்க என்ன இருக்கிறது?

இதை யாரும் கேட்பதில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். மதுரை வைகைக்கும் இந்தச் சாலைக்கும் போகும் திசை ஒன்றுதான். திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று ஆறும் சாலையும் ஒன்றையொன்று விடாமல் போகின்றன. சிலைமான் தாண்டினால் கீழடி. மானாமதுரையில் கடம் செய்யும் மண். பரமக்குடியில் தறி. பிறகு பனையும் சீமைக் கருவேலமும் கண்மாய்க் கரைகளும்தான். வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் நிறையும். மிஞ்சுவது ஆற்றங்கரை என்ற ஊர் அருகே கடலைத் தொடும். மிஞ்சினால்தான். அந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள அழகன்குளத்தில் அகழாய்வு செய்தபோது ரோமானிய நாணயங்களும் பானை ஓடுகளும் கிடைத்தன. பாண்டியர் காலத்தில் மதுரைக்குக் கடல் வாசல் இந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு அவையே சாட்சி.

1897 ஜனவரியில் இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தர் பாம்பன் தீவில் இறங்கி, இதே ஊர்கள் வழியாகத்தான் மதுரைக்கு வந்தார். அவர் இறங்கிய குந்துக்கல்லில் நினைவு மண்டபம் இருக்கிறது. பாம்பனிலிருந்து தெற்கே திரும்ப வேண்டும், கூட்டம் இருக்காது.

எந்த மாதத்தில் போகலாம்?

இதற்குப் பதில் சொல்லக் காற்றிலிருந்து தொடங்க வேண்டும். முனைக்கு வடக்கே இருப்பது பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. வடக்குக் கடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். தெற்குக் கடல் போகப் போக ஆயிரம் மீட்டரைத் தாண்டி இறங்கிவிடும். அங்குள்ளவர்கள் வடக்கைப் பெண் கடல் என்றும் தெற்கை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று குளம் போல அடங்கிக் கிடக்க, மற்றொன்று அலையடித்துக்கொண்டே இருப்பதால் வந்த பெயர்.

ஆனால் வருடம் முழுவதும் அப்படி இருப்பதில்லை. வைகாசியிலிருந்து ஆவணி, புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். அப்போது மன்னார் பக்கம் கொந்தளிக்கும், பாக் பக்கம் தட்டையாக இருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று இறங்கினால் கதை தலைகீழ். பெண் கடல் சீறும். ஆண் கடல் அடங்கிக் கிடக்கும். பெயர் வைத்தவர் கச்சான் மாதத்தில்தான் வைத்திருக்க வேண்டும். மீனவர்கள் பெயரைப் பார்த்துப் படகு இறக்குவதில்லை. காற்றுக்கு ஏற்ப வடகரையிலிருந்து தென்கரைக்கும் திரும்பவும் இடம் மாறிக்கொள்கிறார்கள்.

முனையின் உருவத்தை மாற்றுவதும் இந்தக் காற்றுகள்தான். கச்சான் காலத்து அலை தென்கரை மணலை வாரி முனைப் பக்கம் தள்ளும். வாடைக் காலத்து அலை வடகரை மணலில் அதே வேலையைச் செய்யும். நடுவில் இருக்கும் மணல் நாக்கு இருவர் இழுக்கும் கயிறு போல ஒரு பக்கம் வளைந்து, பிறகு மறுபக்கம் வளையும்.

என் தேர்வு ஜனவரி இறுதி, பிப்ரவரி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. சித்திரை வெயிலில் போக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பள்ளி விடுமுறை அப்போதுதான் வருகிறது, என்ன செய்வது. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. மதுரை வெயிலைத் தாங்கியவன் என்ற பெருமை மணலில் பத்து நிமிடம் கூட நிற்காது. நவம்பர், டிசம்பரில் புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இரண்டு கடலும் கலக்கும் கோடு கண்ணுக்குத் தெரியுமா?

வண்ணம் தீட்டியது போல ஒரு கோடு இருக்காது. நிறத்தை ஒப்பிடுவதை விட்டுவிட்டு அலையைக் கவனியுங்கள். ஒரு பக்கம் அலை உடைவதும் மறுபக்கம் தண்ணீர் சிலும்பிக்கொண்டிருப்பதும் ஒரே பார்வையில் தெரியும். முனையின் நுனியில் இரு பக்கத்து அலைகளும் குறுக்கே மோதிச் சின்னச் சின்னக் கூம்புகளாக எழும். நான் அரை மணி நேரமாவது அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சாலை முடியும் இடத்தில் நிற்கும் அசோகத் தூணைச் சுற்றி காரைத் திருப்பி, ஒரு படம் எடுத்து, பத்து நிமிடத்தில் கிளம்புகிறவர்கள் அதை மட்டும் பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

இலங்கை தெரியுமா?

தெரியாது. தரையில் நிற்கும் ஆளுக்கு அடிவானம் ஏறக்குறைய நாலரை, ஐந்து கிலோமீட்டரில் முடிந்துவிடும். எதிரே இலங்கைக் கரையில் உள்ள தலைமன்னார் அதைவிடப் பல மடங்கு தூரம். ‘அதோ தெரிகிறது பாருங்கள்’ என்று யாராவது கை காட்டினால், அது மேகம் அல்லது மீன்பிடிப் படகு, இல்லையென்றால் ஏதாவது ஒரு மணல் தீடை.

தீடை என்றால்? அதுதான் ராமர் பாலமா?

கடலுக்குள் தலைகாட்டும் மணல் திட்டைத் தீடை என்பார்கள். அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் மன்னார் தீவு வரை இப்படித் தீடைகளும் ஆழமில்லாத மேடுகளுமாக ஒரு சங்கிலி போகிறது. முதல் தீடை, இரண்டாம் தீடை என்று எண் வைத்துத்தான் மீனவர்கள் பேசுவார்கள். பல இடங்களில் ஒரு சில மீட்டர் ஆழம்தான். பெரிய கப்பல் நுழைய முடியாது. ராமர் பாலம், சேது, ஆதாம் பாலம் என்று பெயர்கள் பல. வானரங்கள் கட்டிய பாலம் என்பது நம்பிக்கை. சுண்ணாம்புப் படிவமும் மணலும் சேர்ந்து உருவான மேடு என்பது நிலவியல். எந்தப் பக்கம் பேசினாலும் வீட்டில் ஒருவர் முகம் சுளிப்பார், ஆகவே வண்டிக்குள் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்பது என் அனுபவம்.

இந்த மேட்டைத் தோண்டிக் கப்பல் விடும் சேது சமுத்திரத் திட்டத்துக்குத் தொடக்க விழா நடந்தது கடற்கரையில் அல்ல, நம் மதுரையில்தான். 2005 ஜூலை 2 அன்று பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். பிறகு வழக்கு உச்ச நீதிமன்றம் போய் வேலை நின்றுபோனது.

தீடைகளுக்குப் படகில் அழைத்துப் போகச் சொல்லாதீர்கள். சர்வதேசக் கடல் எல்லை அந்த வரிசையின் குறுக்கே போகிறது.

1964 புயலில் என்ன நடந்தது?

அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதைச் சொன்னால்தான் புரியும். 1914 இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து வந்த போட் மெயில் என்ற ரயில் மானாமதுரை, ராமநாதபுரம் வழியாக நேராகத் தனுஷ்கோடித் துறை வரை போனது. ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார். அங்கே காத்திருக்கும் ரயிலில் ஏறினால் கொழும்பு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். கொழும்பில் கடை வேலைக்குப் போன எங்கள் தாத்தா, கோயம்புத்தூருக்குப் போய் வருவது போலத்தான் அதைச் சொல்வார். துறைமுகம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளி, தேவாலயம், கோவில் எல்லாம் அந்த மணல் மேல்தான் இருந்தன.

டிசம்பர் நடுவில் தெற்கு அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தச் சின்னம் புயலாகி, இலங்கையின் வவுனியா பக்கம் கடந்து, 22 ஆம் தேதி நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியைத் தாக்கியது. காற்றோடு கடல் எழுந்து ஊருக்குள் ஏறியது. தடுக்க மேடு கிடையாது, ஓட இடம் கிடையாது. இரண்டு பக்கமும் கடல். பாம்பனிலிருந்து இரவு 11.55 மணிக்குப் புறப்பட்ட 653 ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கிய நேரத்தில் அலையில் அகப்பட்டது. 110 பயணிகளும் 5 ஊழியர்களும் இருந்ததாகக் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தப் புயலில் மொத்தம் 1,800 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி தப்பியது. தண்டவாளத்தைத் தாங்கிய மற்ற இரும்பு கர்டர்கள் பெரும்பாலும் கடலுக்குள் போயின. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் பாலத்தைச் சரிசெய்தார்கள். ராமேஸ்வரத்துக்கு ரயில் திரும்பியது. தனுஷ்கோடிக்குத் திரும்பவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. இலங்கைக் கப்பல் ராமேஸ்வரத்துக்கு இடம் மாறி, 1980களில் அதுவும் நின்றது.

இன்று அங்கே என்ன எஞ்சியிருக்கிறது?

கூரை இல்லாத தேவாலயம்தான் முதலில் கண்ணில் படும். சுவர் பவளக் கல். கிட்டே போய்ப் பார்த்தால் கல்லுக்குள் பவளத்தின் சின்னச் சின்ன அறைகள் தெரியும். கடலுக்குள் வளர்ந்ததை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். ரயில் நிலையத்தின் சுவர்த் துண்டு, தண்ணீர்த் தொட்டி நின்ற தூண்கள், தபால் நிலையம், பள்ளி என்று சொல்லப்படும் இடிபாடுகள் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். உப்புக் காற்றில் காரை உதிர்ந்துகொண்டே இருக்கிறது. பெயரைக் கீறிவிட்டு வருகிறவர்களைப் பற்றி எழுதினால் நடை கெட்டுவிடும்.

சாலை எப்போது வந்தது?

2017 இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை திறந்தார்கள். அதற்கு முன் சத்திரத்தோடு வண்டி நிற்கும். அங்கிருந்து ஜீப், வேன் என்று எது கிடைக்கிறதோ அதில் ஏறி மணலிலும் கழிமுகத் தண்ணீரிலும் போக வேண்டும். மீன் ஏற்றிய வேனில் ஐஸ் பெட்டிக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்து நான் போயிருக்கிறேன். அத்தை வீடு திரும்பும் வரை பேசவில்லை. சாலை வந்தது நல்லதுதான். ஆனால் அந்தக் குலுக்கலில் போனவர்கள் முனையில் இறங்கியதும் ஓடிப்போய்த் திரும்பிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அங்கே யாராவது வாழ்கிறார்களா? தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள்?

மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் இருக்கிறார்கள். கரைவலை இழுப்பதை அதிகாலையில் போனால் பார்க்கலாம். தண்ணீர் மணலிலேயே கிடைக்கிறது. கடலிலிருந்து சில அடி தள்ளி கையால் குழி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மணலில் இறங்கிய மழைநீர் எடை குறைவானதால் அடியில் உள்ள உப்புநீர் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும், ஆகவே ஊற்றை ஆழப்படுத்தாமல் கொட்டாங்குச்சியால் மொண்டு எடுப்பார்கள். நம் ஊருணியைப் போல அதிலும் கால் வைக்கக் கூடாது.

கோதண்டராமர் கோவில் எங்கே?

ராமேஸ்வரத்திலிருந்து போகும் வழியில், முக்கியச் சாலையிலிருந்து பிரிந்து போக வேண்டும். விபீஷணன் சரணடைந்த இடம் என்பது ஐதீகம். 1964 புயலில் தப்பிய கட்டடம். அதைச் சுற்றியுள்ள சேற்று நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும். 2025 இல் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. வண்டியை விட்டு இறங்கிக் கை தட்டாமல் இருந்தால் பறவைகள் நிற்கும்.

முனையில் குளிக்கலாமா?

கூடாது. இரு பக்க நீரோட்டமும் சேரும் இடம் அது. காலடி மணல் சட்டென்று சரியும். தடைப் பலகை இருந்தும் உயிர்கள் போயிருக்கின்றன. தாமிரபரணியில் நீந்தியவன், வைகை அணையில் குதித்தவன் என்ற தகுதியெல்லாம் இங்கே செல்லாது. காசி யாத்திரை போகிறவர்கள் சேதுவில் நீராடி மணல் எடுத்துப் போவது பழைய வழக்கம். அமாவாசை நீராடலுக்கு என்றால் அக்னி தீர்த்தம் இருக்கிறது. அங்கே கடல் அமைதி, படியும் உண்டு.

பழைய பாம்பன் பாலத்தில் இப்போது ரயில் போகிறதா?

இல்லை. 2022 டிசம்பரில் நிறுத்தினார்கள். பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. பழையது இரு கைகளையும் விரிப்பது போலத் திறக்கும். புதியதில் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும். சாலைப் பாலம் 1988 இல் வந்தது. அதன் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களால் உண்டாகும் நெரிசலைக் கடக்க ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

சாப்பாடு? கருவாடு வாங்கி வரலாமா?

சாலையோரக் கொட்டகைகளில் மீனைக் காட்டி விலை பேசிய பிறகு பொரித்துத் தருவார்கள். பேசாமல் உட்கார்ந்துவிடாதீர்கள். சைவம் என்றால் ராமேஸ்வரத்திலேயே முடித்துக்கொண்டு போங்கள். கருவாடு தாராளமாக வாங்கலாம், கை வைத்துப் பார்த்து ஈரம் இல்லாததை எடுங்கள். இரண்டு பாலிதீன் உறைக்குள் போட்டு, அதன் மேல் ஒரு சாக்கும் சுற்றிக் கட்டுங்கள். ஒருமுறை ஒற்றை உறையோடு பஸ் ஏறினேன். உச்சிப்புளி தாண்டுவதற்குள் என் பக்கத்து இருக்கை காலியாகிவிட்டது, பரமக்குடியில் ஏறிய கூட்டமும் அதில் உட்காரவில்லை.